‘மூவ்’ என்பதற்கு ‘நகர்த்து’ போதுமா? படப் பட்டியல் மென்பொருளுக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் நூலகத்தில் பழைய படங்களை வருடிச் (ஸ்கேன் செய்து) சேமிக்கும் தன்னார்வலர்களுக்கு வரும் சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். மென்பொருள் டார்க்டேபிள். கையேட்டைத் தமிழில் எழுதிவிட்டேன், ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.

படக்கோப்பு வட்டில் ஏதோ ஒரு கோப்புறையில் கிடக்கிறது. மென்பொருள் அதைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்வதில்லை, அது கிடக்கும் இடத்தின் முகவரியை மட்டும் தரவுத்தளத்தில் குறித்துக்கொள்கிறது. மென்பொருளுக்குள்ளிருந்து ‘மூவ்’ கொடுத்தால் கோப்பும் போகும், திருத்தங்களைச் சுமக்கும் எக்ஸ்எம்பி கோப்பும் கூடவே போகும், முகவரியும் திருந்தும். வெளியே, கோப்பு மேலாளரில் இழுத்துப் போட்டால் முகவரி பழையதாகவே நிற்கும். போன மாதம் ஒரு தங்கை அப்படித்தான் ஒரு கோப்புறையை ஒழுங்குபடுத்தினார். மறுநாள் திறந்தால் நானூறு சொச்சம் படங்களின் இடத்தில் மண்டை ஓடு! குறித்த முகவரியில் கோப்பு இல்லையென்றால் மென்பொருள் காட்டும் சின்னம் அது. அழுதேவிட்டார். படம் எதுவும் அழியவில்லை, புது இடத்தைக் காட்டிக்கொடுத்தால் திரும்பி வந்துவிடும் என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று.

இன்னொன்றும் உண்டு. ஒரு படத்தின் குறிச்சொல்லை ‘திருவிழா’விலிருந்து ‘தேரோட்டம்’ என்று மாற்றினால் பட்டியலில்தான் மாற்றம், கோப்பு அசையாது. லைட்ரூம் என்ற இன்னொரு பட மென்பொருளில் கலெக்‌ஷனுக்குள் இழுத்துப் போட்டாலும் இப்படித்தான். இரண்டையும் ‘நகர்த்து’ என்று எழுதி வைத்தால் அந்தத் தங்கைக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கும். கோப்பே இடம் போவதற்கு ஒரு சொல், பட்டியலில் மட்டும் நடப்பதற்கு வேறு சொல். இரண்டு சொல் தாருங்கள்.

திருச்சியிலிருந்து

*

தம்பி,

நல்ல கேள்வி. ‘நகர்த்து’ கூடவே கூடாது. நகர்தல் ஊர்ந்து போவது. நத்தை நகரும். பேருந்தில் ‘கொஞ்சம் நகருங்க’ என்றால் ஒரு சாண் தள்ளி உட்காருவார்கள், அடுத்த ஊருக்குப் போய்விட மாட்டார்கள். (ஊர்தல், ஊர்; நகர்தல், நகர். அசைவைச் சொல்லும் இரண்டு வினைகளும் மனிதர் நிலைத்து வாழும் இடத்துக்கும் பெயராக நிற்கின்றன. இதை முப்பது ஆண்டாக யோசித்து வருகிறேன், தனியே எழுதுகிறேன்.)

நமக்கு வேண்டிய சொல் ‘பெயர்’. ஒரு நிலையை விட்டு இன்னொரு நிலைக்கு முழுதாகப் போவதுதான் பெயர்தல். குறுந்தொகையின் 11ஆம் பாட்டிலேயே ‘மொழிபெயர் தேஎத்தர்’ (மொழி வேறான நாட்டில் இருப்பவர்) வந்துவிட்டது. மொழிபெயர்ப்பும் புலம்பெயர்வும் இதிலிருந்து வந்தவைதாம். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று நாட்காட்டியில் படிக்காத வீடு உண்டா? கோள் ஒரு வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறது. கோப்பு ஒரு கோப்புறையை விட்டு அடுத்த கோப்புறைக்குப் போகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ‘கோப்புப் பெயர்ச்சி’ என்றே வையுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியன், தஞ்சை

*

ஐயாவுக்கு வணக்கம். விளக்கம் அருமை. ஆனால் பொத்தானில் ஏவல் வினைதான் வரும்: திற, சேமி, அழி. ‘பெயர்’ என்று ஒரு பொத்தான் இருந்தால் பயனர் என்ன நினைப்பார்? கோப்பின் பெயரைக் கேட்கிறது என்றுதான் நினைப்பார். அதற்கு அடுத்த வரியிலேயே ‘பெயர் மாற்று’ வேறு இருக்கிறது. ‘பெயர்’ தன்வினை, பிறவினை இரண்டுக்கும் ஏவலில் ஒன்றுபோலவே நிற்பதும் சிக்கல். நகர், நகர்த்து, மாறு, மாற்று என்றால் பார்த்தவுடன் பிரித்துவிடலாம். அப்புறம், என் அப்பா ‘பெயர்ந்துபோச்சு’ என்று சொன்னால் அது சுவரில் காரை பெயர்ந்ததாகத்தான் இருக்கும்.

என் கருத்து, ‘மூவ்’ என்றே எழுதிவிடலாம். வகுப்புக்கு வருபவர்கள் எல்லோரும் கைப்பேசியில் தினம் பார்க்கிற சொல்.

கோவையிலிருந்து

*

‘மூவ்’ என்றே எழுதுவதென்றால் தமிழில் கையேடு எதற்குத் தம்பி? சொல் இல்லாத இடத்தில் கடன் வாங்குவோம். இருக்கிற இடத்திலும் வாங்கினால் இருப்பது துருப்பிடிக்கும். பொத்தானுக்குத் தனி ‘பெயர்’ இடறும் என்பதை ஏற்கிறேன். ‘பெயர்த்து வை’ என்று போடுங்கள், இடறாது.

தஞ்சை

*

வணக்கம் ஐயா, அண்ணாமார்.

‘இடம்பெயர்’ என்று யாரும் முன்மொழிய முதல் நான் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அந்தச் சொல் வேண்டாம். 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டுச் சனம் முழுக்க வெளிக்கிட்டது. அதைத்தான் நாங்கள் ‘இடம்பெயர்வு’ என்கிறோம். அம்மா கலியாண அல்பத்தை உரப்பையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவ. மழைத்தண்ணி இறங்கி ஓரத்துப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போச்சு, நடுவிலிருந்த பதினொன்றுதான் மிச்சம். இப்போது நான் வருடிச் சேமிப்பது அந்தப் பதினொன்றையும் சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் படங்களையும்தான். அந்தப் படங்களுக்கு மேலேயே ஒரு பொத்தான் ‘இடம்பெயர்’ என்று ஏவினால் என்னால் அதை அழுத்த ஏலாது. ‘பெயர்ச்சி’யும் எனக்கு அதற்குப் பக்கத்தில்தான் கேட்கிறது. சாதாரணமாக ‘இடம் மாற்று’ என்று போடலாமே?

யாழ்ப்பாணத்திலிருந்து

*

அம்மா, என் மடலை எழுதும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை. ‘இடம்பெயர்’ வேண்டாம், முழு மனதோடு ஒப்புகிறேன். ‘பெயர்த்து வை’க்கு மட்டும் இன்னும் வாதாடுவேன்.

தஞ்சை

*

நூலகத்தில் இருபது ஆண்டு வேலை பார்த்தவள் என்ற முறையில் ஒரு சொல். இது எங்களுக்குப் புதிய சிக்கல் இல்லை. பட்டியல் அட்டையில் நூலின் அழைப்பெண் இருக்கும், நூல் அலமாரியில் இருக்கும். வாசகர் எடுத்துப் பார்த்துவிட்டு வேறு தட்டில் செருகிவிட்டால் அட்டை பொய் சொல்லும். நூல் தொலைந்துவிடவில்லை, ஆனால் எடுக்க முடியாது. அதனால்தான் படித்த நூலை மேசையிலேயே வைத்துவிடுங்கள், நாங்கள் அடுக்கிக்கொள்கிறோம் என்று கெஞ்சுவோம். வகுப்பில் இதைச் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

நூலை வேறு தட்டுக்குக் கொண்டுபோவதை ‘இடம் மாற்றுவது’ என்றுதான் சொல்லுவோம். அட்டையில் பொருள்தலைப்பைத் திருத்துவது ‘வகை மாற்றுவது’. உங்கள் இரண்டு சொற்களும் இதிலேயே இருக்கின்றன.

மதுரையிலிருந்து

*

அட்டை இருந்து நூல் இல்லாத நிலை என்றதும் புறநானூறு நினைவுக்கு வருகிறது. 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. நற்றிணையில் 234. ஆனாலும் பதிப்பித்தவர்கள் எண்ணை விட்டுவிடாமல் அந்த இடத்தைக் காலியாகவே வைத்தார்கள். எண் நிற்கிறது, பாட்டு இல்லை. உங்கள் மண்டை ஓடும் அதுதான். அதற்குக் ‘காணாப்படம்’ என்று பெயர் வைக்கலாம்.

தஞ்சை

*

ஐயா, பாட்டுத் தொலைந்தேவிட்டது, படம் தொலையவில்லை. ‘காணாப்படம்’ என்று எழுதினால் அந்தத் தங்கை மறுபடி அழுவார். ‘இடமறியாப் படம்’ என்று எழுதுகிறேன், எண் உவமையையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு சந்தேகம். பட்டியலில் மட்டும் சேர்ப்பதற்குப் ‘படத்தொகுப்பில் சேர்’ என்று முதலில் எழுதியிருந்தேன். நம் ஊரில் படத்தொகுப்பு என்றால் சினிமாவில் காட்சிகளை வெட்டி ஒட்டுவதாயிற்றே?

திருச்சி

*

‘தொகுப்பில் சேர்’ போதும். முன்னால் படம் வேண்டாம். ‘இடம் மாற்று’ எனக்கு அரசு ஊழியர் மாறுதல் போலக் கேட்கிறது, ஆனால் யாரும் தவறாக அழுத்த மாட்டார்கள். சரி, என் வாக்கு அதற்கே.

கோவை

*

நன்றி. அச்சகத்துக்குக் கிளம்புகிறேன். கோப்புக்கு ‘இடம் மாற்று’, குறிச்சொல்லுக்கு ‘வகை மாற்று’, கலெக்‌ஷனுக்குத் ‘தொகுப்பில் சேர்’, மண்டை ஓட்டுக்கு ‘இடமறியாப் படம்’. இடம் மாற்றுவதை மென்பொருளுக்குள்ளிருந்தே செய்யுங்கள் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். எக்ஸ்எம்பி கோப்புக்கு இப்போதைக்குத் ‘துணைக்கோப்பு’. வேறு யோசனை இருந்தால் இரண்டாம் பதிப்புக்கு.

திருச்சி

*

துணைக்கோப்பா? இன்னொன்றுக்கு உதவியாக இருக்கும் எந்தக் கோப்பும் துணைக்கோப்புதான். படம் எங்கே போனாலும் கூடவே போக வேண்டியது இது, அதனால் ‘உடன்கோப்பு’. அகத்திணையில் உடன்போக்கு உண்டே, தலைவனோடு தலைவி... விரிவாக இரவு எழுதுகிறேன். ‘பெயர்த்து வை’யை நான் இன்னும் கைவிடவில்லை.

தஞ்சை