டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு வீட்டில் வாசிப்பும் எழுத்தும்: என்ன செய்யலாம்?

கல்முனைத் தாய்:
மகன் ஆண்டு 3. டிஸ்லெக்சியா, அதாவது புத்தி இருந்தும் வாசிக்கவும் எழுத்துக்கூட்டவும் கஷ்டப்படுற நிலை, என்று உறுதிப்படுத்திட்டாங்க. கண்ணிலயும் காதிலயும் பிழையில்ல. கதை சொன்னா அப்படியே திருப்பிச் சொல்லுவான். வாசிக்கச் சொன்னா 'கோழி'யை 'கேழி' என்பான். குற்று (மெய்யெழுத்துக்கு மேல வைக்கிற புள்ளி) போடமாட்டான், ள, ழ மாறும். பிழைச் சொல்லை 20 தரம் எழுத வைக்கிறன், அடுத்த நாளும் அதே பிழைதான்.

மட்டக்களப்பு, விசேட கல்வி ஆசிரியை:
தங்கச்சி, 20 தரம் எழுதுறத இண்டைக்கே நிப்பாட்டுங்க. ரெண்டாம் வரியிலயே கை மேல் வரியப் பார்த்துக் கீறத் தொடங்கிரும். சத்தம் மனசுல ஓடாது.

'கேழி' வாறதுக்குக் காரணம் நம்மட எழுத்துமுறை. 'கோ'வில சத்தம் க் முதல், ஓ பிறகு. எழுத்தில கொம்பு (ே) முன்னுக்கு, அரவு (ா) பின்னுக்கு. கொம்பையும் 'க'வையும் கண்டதும் பிள்ளை 'கே' என்று முடிச்சிருது. மட்டையில 'கோ' முழுசா அடங்குற அகலத்துக்குச் சன்னல் வெட்டி, அதை நகர்த்தி வாசிக்க விடுங்க. கொம்பும் அரவும் ஒரே சிவப்பு, 'க' கறுப்பு. கொ கோ, பொ போ, தொ தோ பிடிபடும்வரை கெ, கே வரிசைய கலக்க வேணாம்.

குற்றுக்குப் புளியங்கொட்டை போதும். 'பட்டம்' என்று சொல்லுங்க; எழுத்துக்கு ஒண்டாத் தள்ளட்டும்: ப, ட், ட, ம், நாலு கொட்டை. 'படடம' என்று எழுதினா, எழுதினபடியே ப-ட-ட-ம என்று வாசிச்சுக் காட்டுங்க. எங்க சத்தம் நிக்கணும் என்று அவனே கண்டுபிடிப்பான்.

அக்கரைப்பற்று வாசகர்:
ழ-வைக் காதால பிடிக்கச் சொல்றது நியாயமில்ல, நம்மட பேச்சில 'பழம்' 'பளம்' தானே. பழம், மழை, வாழை, கோழி என்று ழ சொல்லுகளை ஒரு கூட்டமாப் பழக்குங்க, கிழமைக்கு 4 சொல். அந்தக் கிழமை ள-வைக் காட்டவே வேணாம்; ரெண்டையும் பக்கத்தில வச்சா குழப்பந்தான் பதியும். தட்டில காஞ்ச கடல் மணல் பரப்பி, சத்தம் சொல்லிக்கொண்டே விரலால 3 தரம் எழுதட்டும், மறுகா மூடிட்டு கொப்பியில பார்க்காம ஒரு தரம். ஈர மணல்ல விரல் ஓடாது.

கல்முனைத் தாய்:
எவ்வளவு நேரம் செய்யணும் ரீச்சர்? பாடமும் பின்னுக்கு நிக்கிதே.

விசேட கல்வி ஆசிரியை:
15 நிமிசம், கிழமைக்கு 5 நாள். கடைசி 5 நிமிசம் ரெண்டு பேரும் ஒரே குரல்ல வாசிங்க. தடக்கினா மனசுக்குள்ள 5 வரை எண்ணி, சொல்லைக் குடுத்துட்டுப் போங்க. படத்தைப் பார்த்து ஊகிக்க விடாதீங்க. பாடப்புத்தகத்தை நீங்களே வாசிச்சுக் காட்டுங்க, வாசிப்பு வாறவரைக்கும் அவன்ட அறிவு காத்துக்கொண்டிருக்கக் கூடாது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு மேலதிக நேரம் பற்றி வகுப்பாசிரியரையும் வலயக் கல்வி அலுவலக விசேட கல்விப் பகுதியையும் இப்பவே கேளுங்க.