செங்கல் பங்களா: எது பழைய சுவர், எது பிறகு கட்டியது?

நானுஓயா_நிலா:
இலங்கை மலைநாட்டில் நானுஓயாவுக்கு மேலே, முன்பு துரைமார் இருந்த சின்னச் செங்கல் பங்களா ஒன்றை எங்கள் குடும்பம் வாங்கியிருக்கிறது. இங்கிலாந்துக் கிராமத்து வீடு மாதிரியே செங்குத்தான கூரை, இரண்டு சிம்னி. ஆனால் ஆள் மாற மாற வீடும் மாறியிருக்கிறது: வராந்தாவை அடைத்து அறையாக்கி, பின்னால் குசினி இறக்கி அதற்குத் தகரம் போட்டு, வெளிச்சுவரில் பாதிக்குச் சிமெந்தும் பூசியிருக்கிறார்கள். பூசிய பக்கம்தான் உள்ளே ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கிறது. மேசன் பாஸ், உடைத்துவிட்டு மறுபடி சிமெந்தே பூசலாம் என்கிறார். எனக்கு இந்த வீட்டின் பழைய முகம் கெட்டுப்போகக் கூடாது. எதைப் பார்த்துப் பழையதைக் கண்டுபிடிப்பது?

பழைய_சுவர்:
தங்கச்சி, பாஸைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பூசாத சுவரில் கல் அடுக்கிய விதத்தைப் பாருங்கள். ஒரு வரிசை முழுக்கக் கல்லின் நீளப்பக்கம், அடுத்த வரிசை முழுக்கத் தலைப்பக்கம், அதாவது குட்டைப் பக்கம், என்றால் அது இங்கிலிஷ் பாண்ட் என்ற அடுக்கு முறை. ஒரே வரிசைக்குள் நீளமும் தலையும் மாறி மாறி வந்தால் ஃபிளெமிஷ் பாண்ட். குசினிச் சுவரில் நீளப்பக்கம் மட்டும் தெரிந்தால் அது அரைக்கல் சுவராக, அதாவது ஒரு கல்லின் அகலம் மட்டுமே தடிப்புள்ள சுவராக இருக்கலாம், பெரும்பாலும் பிறகு ஒட்டியது. அப்புறம், இரண்டு சுவர் சேரும் இடத்தில் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னாமல் மேலிருந்து கீழே ஒரே கோடாகப் பிரிந்து நின்றால், பழைய வீடு அங்கே முடிந்தது என்று அர்த்தம். அடைத்த வராந்தாவில் இதைத்தான் முதலில் தேடுங்கள்.

மலைக்காற்று:
கல்லின் தடிப்பை அளந்தால் வயது தெரியாதா? இங்கிலாந்தில் 1784இல் செங்கல்லுக்கு வரி போட்டபோது, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று இருந்ததால் பெரிய கல்லாகச் சுட்டார்களாமே.

பழைய_சுவர்:
உண்மைதான், ஆனால் அது பிரித்தானியாவுக்குள் இருந்த வரி, 1850இல் எடுத்தும் விட்டார்கள். நம் பக்கத்துக் கல்லுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ஒரே வீட்டில் இரண்டு சுவரை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

சாந்துக்கரண்டி:
நான் பழைய கட்டட வேலை செய்கிறவன். தங்கச்சி, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள சாந்தைக் கத்தியால் மெல்லச் சுரண்டுங்கள். வெளிறிய சாந்து பொடியாக உதிர்ந்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்பாக இருக்கும். அப்படிப்பட்ட சுவர் குடித்த ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், மேலே சிமெந்து பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளே வரும், நாளடைவில் கல்லின் முகமே உரிந்துவிடும். நம் ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் சொல்லவே வேண்டாம். உடைக்க மெஷின் வேண்டாம், உளியால் ஒரு மூலையில் சின்னத் துண்டு எடுத்துப் பாருங்கள். சிமெந்தோடு கல்லும் பிய்ந்து வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். திரும்பப் பூசுவது சுண்ணாம்பாகவே இருக்கட்டும். அதற்கு முன்னால் கூரைத் தண்ணீர் ஓடும் பீலியையும் சிம்னி அடியையும் பார்த்துவிடுங்கள், அங்கே ஒழுகினால் எதைப் பூசியும் பயனில்லை.

நானுஓயா_நிலா:
சரி அண்ணா, பாஸிடம் பேசிவிட்டேன். முதலில் பீலி, பிறகு குசினி மூலையில் ஒரு துண்டு. படம் எடுத்துப் போடுகிறேன்.