சா கலோப்ரா ஏற்றத்துக்கு 28 பல் சைக்கிள் கியர் போதுமா?

வணக்கம். ஏப்ரலில் ஒரு வாரம் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குப் போகிறேன். சைக்கிள் அங்கேயே வாடகைக்கு. ஃபோர்மென்டோர் கலங்கரை விளக்கம் வரையிலான கடலோரச் சாலையைச் சமாளித்துவிடுவேன். பயமெல்லாம் மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் சா கலோப்ரா சாலைதான். கடல்வரை இறங்கிவிட்டால் திரும்பி வர வேறு சாலை கிடையாது, அதே 9.5 கிலோமீட்டரை, சராசரி 7 சதவீத ஏற்றத்தில், மிதித்தே ஏற வேண்டும். சாலை சுற்றி வந்து தன் அடியிலேயே நுழையும் அந்த 'டை முடிச்சு' வளைவைப் படத்தில் பார்த்ததற்கே தொடை வலிக்கிறது.

கடையில் கியர் பற்சக்கரங்கள் முன்னால் 50/34 பல், பின்னால் 11 முதல் 28 பல் வரை என்கிறார்கள். என் எடை 84 கிலோ. ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்க, பின்னால் 32 பல் வரை உள்ளதாகக் கேட்டு வாங்கவா? அப்புறம், சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள் ஏறி முடிக்க எத்தனை மணிக்கு இறங்க வேண்டும்? போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.