ஒல்லியாக இல்லாத பிள்ளைகளுக்கு வரும் உணவுக் கோளாறு: பார்த்தவர்கள் பகிருங்கள்

டெக்சாஸ் சான் அன்டோனியோவில் ஒரு பள்ளியில் நர்ஸாக வேலை. பிள்ளைகளில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளி. போன வருடம் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி தலைசுற்றல் என்று அடிக்கடி வந்தாள். எடை சராசரிக்கும் மேல். முன்பு பார்த்த டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கோ அவள் விரல் முட்டிகளில் இருந்த தழும்பு உறுத்தியது. உட்கார வைத்துப் பேசினேன்.

பகல் முழுக்கப் பட்டினி. ராத்திரி அடக்க முடியாமல் சாப்பிட்டு, பிறகு விரலை விட்டு வாந்தி. பல் பட்டுப் பட்டுத்தான் அந்தத் தழும்பு. பதினைந்தாம் பிறந்தநாளான கின்செஞேராவுக்குக் கவுன் எடுத்தாயிற்று, அதற்குள் உடம்பு நுழைய வேண்டுமாம். பாட்டி தட்டு காலியாக விடமாட்டார். அதே பாட்டி சொந்தக்காரர்கள் முன்னால் "குண்டாயிட்டே" என்பார். மாதக் கடைசியில் வீட்டில் சாமானே இருக்காது, சம்பளம் வந்ததும் ஒரேயடியாகச் சாப்பாடு. இந்த ஊரில் இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு தரும் உணவு வங்கிக்கு வருபவர்களிடம் நடத்திய 2017 ஆய்விலும், வீட்டில் பசி கூடக்கூட இப்படி அளவில்லாமல் உண்பதும் கூடுவது தெரிந்தது.

வாந்தியால் அவள் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது அது. எடையை மட்டும் பார்த்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்? 2002இல் ஓர் ஆய்வில் ஒரே பெண்ணின் நாட்குறிப்பை, இனத்தை மட்டும் மாற்றி மாணவர்களிடம் கொடுத்தார்கள். வெள்ளைக்காரப் பெண் என்றபோது கோளாறைக் கண்டுகொண்ட அளவுக்கு, ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் மொழி வம்சாவளிப் பெண் என்றபோது கண்டுகொள்ளவில்லை. எனக்கு இதில்தான் ஆத்திரம்.

ஸ்பானிஷ் பேசும் ஆலோசகர் கிடைத்த பிறகுதான் அம்மாவும் கூட வந்து உட்கார்ந்தார். பெண் இப்போது மதியம் என் அறையிலேயே சாப்பிடுகிறாள்.

மறுமொழி:

அக்கா, நான் கலிபோர்னியாவில் பல் மருத்துவர். எங்களிடமும் இப்படிப் பிள்ளைகள் வருகிறார்கள். மேல் முன்பற்களின் உட்பக்கம் எனாமல் கரைந்திருக்கும், கன்னத்துக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியிருக்கும். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மெதுவாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். வாந்தி எடுத்த உடனே பல் துலக்கக் கூடாது, தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் குழந்தை மருத்துவருக்கு நானே போன் போடுகிறேன். சீட்டு எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் போவதில்லை.