வியாசர்பாடி பர்மா குடியிருப்பின் பழைய படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடியேறிய குடும்பங்களைப் பற்றித் தகவல் சேர்க்கிறேன். உங்கள் உதவி வேண்டும்.

1962-ல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அப்புறம் கடைகளெல்லாம் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் ஐம்பது, நூறு சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போயின. தலைமுறையாகச் சேர்த்ததை விட்டுவிட்டு நம்மவர்கள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். என் அப்பாயி கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி. அதன் மூடியில் பர்மிய எழுத்தில் தாத்தாவின் பெயர் பாதி அழிந்து நிற்கிறது. அதைத் தடவித் தடவித்தான் அவர் கதை சொல்வார்.

கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்த கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகளும் பிரபலம்தான். வாழைத்தண்டு சூப்பும், வறுத்த வெங்காயம் அடைத்த முட்டையும் தெரியாத சென்னைக்காரர் குறைவு. குடிசை போட்ட முதல் வருடங்களைப் பற்றித்தான் எழுத்தில் அதிகம் கிடைக்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

கப்பல் சீட்டு, தாயகம் திரும்பியோர் அட்டை, கல்யாணப் படம், பர்மாவிலிருந்து வந்த கடிதம் எது இருந்தாலும் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து ஸ்கேன் செய்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அப்படிக் கப்பலில் வந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து சீக்கிரம் தெரியப்படுத்துங்கள். அப்பாயியிடம் நான் கேட்காமல் விட்ட கேள்விகள் நிறைய இருக்கின்றன.