டிரெய்லர் ஃபிரேமில் துரு, தேய்த்து பெயிண்ட் அடித்தால் போதுமா?

கேள்வி: கண்ணீர்த்துளி வடிவில் ஒரு சின்ன கேம்பர் (உள்ளே படுத்துத் தூங்கும் இழுவை வண்டி) கட்டலாம் என்று பழைய டிரெய்லர் ஒன்று வாங்கினேன். பழைய பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது, அடியில் ஒரே துரு. கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்துவிட்டு நேரே பெயிண்ட் அடிக்கலாமா?

பதில் 1: அவசரப்படாதீர்கள். முதலில் சுத்தியலால் ஃபிரேம் முழுக்கத் தட்டிப் பாருங்கள், முக்கியமாக வெல்டிங் ஓரங்களிலும் ஸ்பிரிங் மாட்டும் இடங்களிலும். கணீரென்று கேட்டால் சரி, மொத்தென்று கேட்டாலோ பள்ளம் விழுந்தாலோ அந்தத் துண்டை வெட்டி மாற்றாமல் பெயிண்ட் அடிப்பது வீண்.

பதில் 2: தேய்த்ததும் தின்னர் துணியால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து அன்றைக்கே பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடியுங்கள். நான் ஒரு ராத்திரி விட்டுவிட்டேன், காலையில் பளபளத்த இரும்பெல்லாம் மஞ்சள் படலம், மறுபடி முதலிலிருந்து. ஜிங்க் பிரைமர் என்றால் வெறும் இரும்பு தெரிய வேண்டும், துருவின் மேல் பிடிக்காது.

பதில் 3: அப்புறம், லைட்டின் எர்த் வயர் ஃபிரேமில் சேரும் இடத்தில் பெயிண்ட் படாதபடி அடிக்கும் முன் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் லைட் மினுக்கும். ஃபிரேமின் சதுரக் குழாய் உள்ளிருந்துதான் அரிக்கும், தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

கேட்டவர்: தட்டிப் பார்த்தேன். இடது ஸ்பிரிங் பக்கம் சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. பெயிண்ட் டப்பாவை மூடிவிட்டேன், வெல்டரைத் தேடுகிறேன்.