மார்பகப் புற்றுநோய்: ஆபரேஷனுக்கு முன்னால் எம்.ஆர்.ஐ. கட்டாயமா?

மஞ்சக்குப்பத்தான்:
“மார்பில் சின்னக் கட்டிதான் என்றாலும் எம்.ஆர்.ஐ. எடுக்காமல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கிற டாக்டரை மாற்றுங்கள்” என்று வில்லியனூர்வாசி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் பெண்களிடம் சொல்கிற பேச்சா இது? பிரிட்டனில் 1,623 பெண்களை வைத்து நடந்த காமிஸ் ஆய்வு 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் மறு ஆபரேஷன் குறையும் என்பதுதானே உங்கள் வாதம்? எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் 19 சதவீதம் பேருக்கு மறுபடி ஆபரேஷன். எடுக்காதவர்களிலும் அதே 19.

வில்லியனூர்வாசி:
அந்த ஒன்றையே எத்தனை நாள் கட்டிக்கொண்டு அழுவீர்கள்? ஸ்வீடனில் 56 வயதுக்குக் குறைந்த 440 பெண்களைப் பார்த்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் 5 சதவீதம் பேருக்குத்தான் மறு ஆபரேஷன், எடுக்காதவர்களில் 15. இளம் வயதில் மார்பு அடர்த்தியாக இருக்கும்; மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேயில் கட்டியும் வெள்ளை, சுற்றியிருப்பதும் வெள்ளை. என் மனைவிக்கு வந்தது பால் சுரப்பிகளில் தொடங்கும் லோபுலர் வகைப் புற்று. அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது.

மஞ்சக்குப்பத்தான்:
அவர் நலமாக இருக்கட்டும். லோபுலருக்கு எடுப்பதை யார் மறுத்தார்கள்? நீங்கள் எழுதியது எல்லாருக்கும். 19-க்கு 19. அதற்குப் பதில் எங்கே?

நெல்லிக்குப்பம் செல்வி:
வில்லியனூர் அண்ணா, எம்.ஆர்.ஐ.க்கு அம்மாவைக் குப்புறப் படுக்கவைத்து, மார்பை இரண்டு குழிக்குள் இறக்கி, கையில் மருந்து ஏற்றினார்கள். அசையக் கூடாது; காதைப் பிளக்கும் சத்தம். வேறொரு இடத்தில் புள்ளி தெரிகிறது என்றார்கள். மறுபடி ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை ஆபரேஷன் தள்ளிப்போனது, அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை. கடைசியில் அது புற்றே இல்லை.

வில்லியனூர்வாசி:
அது புற்றாக இருந்திருந்தால்?

மஞ்சக்குப்பத்தான்:
இப்படிப் பயமுறுத்தியே மார்பை முழுசாக எடுத்துவிடச் சொல்லுகிற பெண்கள் இருக்கிறார்கள். 19-க்குப் பதில் சொல்லுங்கள் ஐயா. போன மாசம் தைராய்டு விவாதத்திலும் பாதியில் காணாமல் போனீர்கள்.

ஸ்கேன்ரூம்காரன்:
மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், அக்குளில் நெறி இருக்கிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் முதலில் ஒழுங்காக நடக்கிறதா? பரவியதற்கான அறிகுறியே இல்லாத ஆரம்பநிலைப் புற்றுக்கு, உடம்பு முழுக்கத் தேடும் பெட் ஸ்கேன் வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012-லேயே சொல்லிவிட்டது. இங்கே டாக்டர்கள் அதையும் எழுதிக்கொடுக்கிறார்கள்.

வில்லியனூர்வாசி:
பெட் ஸ்கேனை யார் கேட்டார்கள்? கடலூர்க்காரர்கள் வைத்தியத்துக்கு மட்டும் எங்கள் புதுச்சேரி ஜிப்மருக்கு ஓடி வருவீர்கள், அப்புறம் எங்களுக்கே பாடம் எடுப்பீர்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
ஜிப்மர் உங்கள் ஊர்ச் சொத்தா? மத்திய அரசு ஆஸ்பத்திரி. முதலில் 19-க்கு வாருங்கள்.

வில்லியனூர்வாசி:
5-க்கும் 15-க்கும் நீங்கள் வந்தீர்களா? தைராய்டு விவாதத்தில் நான் ஓடவில்லை. என் பதிவுகள் அங்கேயே இருக்கின்றன, போய்ப் படியுங்கள்.